ஏழைகளின் காற்றுக்கும் தண்ணீருக்கும் பல்கலைக்கழகம் என்ன செய்யலாம்?

ஒரு கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடை வீசுகிறது. இன்னொரு ஊரில், பக்கத்தில் வந்த தொழிற்சாலையின் தூசு முற்றத்தில் காயப்போட்ட துணியில் படிகிறது. ஊர்மக்கள் பிரதேச சபைக்குப் போகிறார்கள், பிரதேச செயலகத்துக்குப் போகிறார்கள், கடைசியில் வீதியில் இறங்குகிறார்கள். எங்கு போனாலும் அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஆதாரம் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஆதாரம் தேடுவதற்குப் பணம் வேண்டும். தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க வேண்டும். பல நூறு பக்கங்கள் கொண்ட சுற்றாடல் அறிக்கையைப் படித்து விளங்கும் ஆள் வேண்டும். வழக்குப் பேச சட்டத்தரணி வேண்டும். எதிர்த்தரப்பிடம் இவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நாட்கூலிக்குப் போகும் குடும்பத்திடம் ஒருவரும் இல்லை.

இந்த இடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் நிரப்ப முடியும் என்பதற்கு உலகில் நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. அவற்றில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. எமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள், எமது ஊர்களும் கடலரிப்புக்கும் குப்பைக்கும் நிலக்கரித் தூசுக்கும் முகம் கொடுக்கின்றன. ஆகவே இந்த அனுபவங்களை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

சுற்றாடல் நீதி என்றால் என்ன?

நாம் பாடசாலையில் "சுற்றாடல் பாதுகாப்பு" என்று படிப்பிக்கும்போது காடு, ஆறு, வனவிலங்கு என்பவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். சுற்றாடல் நீதி என்பது அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறது. அபிவிருத்தியின் பயனை யார் அனுபவிக்கிறார்கள்? அதன் கழிவை யாருடைய வீட்டு வாசலில் கொட்டுகிறார்கள்? முடிவெடுக்கும் மேசையில் அந்த வாசலுக்குரியவர் உட்கார்ந்திருந்தாரா?

இந்தச் சிந்தனை அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே இயக்கமாக வளர்ந்தது. 1982ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் வொரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் அதிகமாக வாழும் பகுதியில் நச்சு மண்ணைப் புதைக்கும் கிடங்கு அமைக்கப்பட்டபோது, அதற்கு எதிராக லொறிகளை மறித்துப் படுத்த 500க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். கிடங்கை அவர்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் "ஏன் எப்போதும் எங்கள் ஊரில்?" என்ற கேள்வி நாடு முழுவதும் பரவியது. 1994ஆம் ஆண்டு ஜனாதிபதி கிளின்டன், அரச நிறுவனங்கள் தமது முடிவுகளில் சுற்றாடல் நீதியைக் கவனத்திற்கொள்ள வேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தார்.

ஹியூஸ்டன்: எண்ணிப் பார்த்த மாணவர்கள்

வொரன் போராட்டத்துக்கு முன்னரே ஒரு பல்கலைக்கழகம் இந்தக் கேள்வியை எண்களால் கேட்டிருந்தது. 1979ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில், கறுப்பினக் குடும்பங்கள் வாழும் நோர்த்வூட் மேனர் என்ற குடியிருப்புக்கு அருகில் குப்பை மேடு அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்களுக்காக வழக்குத் தொடுத்தவர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட் என்ற சட்டத்தரணி. அவருடைய கணவர் ரொபர்ட் புல்லார்ட், டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளர். நகரின் குப்பை மேடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்துத் தரும்படி மனைவி கேட்க, கணவர் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஊர் ஊராகச் சென்று பார்த்தார்கள். வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். வந்த விடை இதுதான்: நகரசபைக்குச் சொந்தமான 5 குப்பை மேடுகளில் ஐந்தும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தன. குப்பை எரிக்கும் 8 நிலையங்களில் 6 அங்கேதான் இருந்தன. நகரின் சனத்தொகையில் கறுப்பினத்தவரோ கால்வாசிப் பேர் மட்டுமே.

வழக்கு தோற்றது. பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்தது நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். ஆனால் மாணவர்களின் அந்த வரைபடம் தோற்கவில்லை. அதன் பிறகு இதே முறையில் பல நகரங்களில் கணக்கெடுப்புகள் நடந்தன. சுற்றாடல் நீதி பற்றிய ஆய்வுத்துறையின் தந்தை என்று புல்லார்ட் இன்று அழைக்கப்படுகிறார்.

டுலேன்: சட்ட மாணவர்களின் கிளினிக்

கிளினிக் என்றால் வைத்தியசாலைதான் எமக்கு ஞாபகம் வரும். சட்டக் கிளினிக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரியானதுதான். போதனா வைத்தியசாலையில் மருத்துவ மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் நோயாளரைப் பார்த்துத் தொழிலைக் கற்கிறார்கள். நோயாளருக்கும் இலவச சிகிச்சை கிடைக்கிறது. அதேபோல சட்டக் கிளினிக்கில் சட்ட மாணவர்கள், அனுபவமுள்ள சட்டத்தரணியின் மேற்பார்வையில், வசதியற்றவர்களின் உண்மையான வழக்குகளைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள்.

லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலுள்ள டுலேன் பல்கலைக்கழகம் 1989ஆம் ஆண்டு சுற்றாடலுக்கென்றே இப்படியொரு கிளினிக்கை ஆரம்பித்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் அந்நகருக்கும் பேட்டன் ரூஜ் நகருக்கும் இடையில் இரசாயனத் தொழிற்சாலைகள் நெருக்கமாக நிற்கின்றன. அந்தப் பிரதேசத்தை மக்கள் "புற்றுநோய்ச் சந்து" என்றே அழைக்கிறார்கள். அங்குள்ள கொன்வென்ட் என்ற சிற்றூரில், ஜப்பானின் ஷின்-எட்சு குழுமத்தைச் சேர்ந்த ஷின்டெக் நிறுவனம் 70 கோடி டொலர் செலவில் பி.வி.சி. பிளாஸ்டிக் தொழிற்சாலை அமைக்கப்போவதாக 1996ஆம் ஆண்டு அறிவித்தது. சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைக் கறுப்பினத்தவர். ஏற்கனவே பல தொழிற்சாலைகளின் புகையைச் சுவாசித்துக் கொண்டிருந்தவர்கள்.

ஊர்மக்கள் சங்கம் அமைத்தார்கள். டுலேன் கிளினிக் அவர்களுக்காக ஆஜரானது. மாணவர்கள் அனுமதிப்பத்திர விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துக் குறைகளைக் கண்டுபிடித்தார்கள். மாநில அரசு அனுமதி கொடுத்த பின்னரும் மத்திய சுற்றாடல் நிறுவனத்திடம் முறையிட்டார்கள். 1997 செப்டம்பரில் அந்நிறுவனம், காற்று மாசு அனுமதிப்பத்திரத்தில் சட்டக் குறைகள் இருப்பதாகக் கூறி ஆட்சேபம் தெரிவித்தது. ஒரு வருடத்தின் பின், 1998 செப்டம்பரில், ஷின்டெக் கொன்வென்ட் திட்டத்தைக் கைவிட்டு, பேட்டன் ரூஜ் அருகே சிறிய தொழிற்சாலையொன்றை அமைக்கத் தீர்மானித்தது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. கொன்வென்ட் பிரதேசத்தில் எல்லோரும் தொழிற்சாலையை எதிர்க்கவில்லை. 165 நிரந்தர வேலைகள் தருவதாக வாக்களிக்கப்பட்டிருந்தது. வேலையில்லாத வீட்டுக்கு அது சிறிய விடயமல்ல. கறுப்பினத் தலைவர்கள் சிலரும் திட்டத்தை ஆதரித்தார்கள். வேலையா, ஆரோக்கியமா என்ற இந்தச் சிக்கல் எமது ஊர்களுக்கும் புதிதல்ல. கிளினிக் செய்தது, எதிர்க்க விரும்பியவர்களுக்கும் சட்டத்தின் முன் ஒரு குரல் கொடுத்தது.

வெற்றிக்குக் கொடுத்த விலை

மாணவர்கள் தோற்றிருந்தால் யாரும் அவர்களைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். வென்றதால் வந்தது பிரச்சினை. மாநில ஆளுநர் மைக் பொஸ்டர் கிளினிக்கைப் பகிரங்கமாகச் சாடினார். பல்கலைக்கழகத்துக்குரிய வரிச் சலுகை பற்றிக் கேள்வி எழுப்பினார். நன்கொடை கொடுப்பதை நிறுத்துமாறு பழைய மாணவர்களைத் தூண்டினார். வர்த்தக சங்கங்கள் மாநில உயர் நீதிமன்றத்திடம் முறையிட்டன. 1998 ஜூன் மாதம் அந்நீதிமன்றம் சட்ட மாணவர்கள் யாருக்காக ஆஜராகலாம் என்ற விதியை இறுக்கியது. ஒரு சங்கத்துக்காக மாணவர் ஆஜராக வேண்டுமானால், அதன் அங்கத்தவர்களில் 51 சதவீதமானோர் ஏழைகள் என்று காட்ட வேண்டும்.

ஏழைகளுக்கு உதவுவதுதானே கிளினிக்கின் வேலை, இதில் என்ன தவறு என்று தோன்றலாம். ஆனால் ஊர்ச் சங்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் தன் வருமானத்தை வெளியே சொல்ல வேண்டி வந்தால் எத்தனை பேர் சேர்வார்கள்? எங்கள் ஊரில் ஒரு நிவாரணப் பட்டியல் தயாரிக்கும்போதே எத்தனை பேர் கூச்சப்படுகிறார்கள் என்பதை நாம் கண்டிருக்கிறோம். அடுத்த வருடம் விதி ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கு 2001இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. பல்கலைக்கழகம் மட்டும் கிளினிக்கை மூடவில்லை. இன்றும் அது இயங்குகிறது. ஆட்சியாளரின் கோபத்துக்குப் பணியாத நிர்வாகம் இல்லையென்றால் இத்தகைய முயற்சி ஒரே வழக்கோடு முடிந்துவிடும்.

பிளின்ட்: மக்களே எடுத்த மாதிரிகள்

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர், வறியவர் தொகையும் அதிகம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக நகரின் குடிநீர் பிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய இரசாயனம் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கலந்தது. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நிறம் மாறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து காட்டிய தாய்மாருக்கு, தண்ணீர் பாதுகாப்பானது என்ற பதிலே கிடைத்தது.

அவர்களில் ஒருவர் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸைத் தொடர்புகொண்டார். 2015 ஓகஸ்டில் அவரது குழு 300 பரிசோதனைப் பொதிகளை அனுப்பியது. ஊர்மக்களே வீடு வீடாகச் சென்று அவற்றைக் கொடுத்து, மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, 250க்கும் மேற்பட்டவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். ஈயம் அபாயகரமான அளவில் இருந்தது உறுதியானது. அடுத்த மாதம் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற சிறுவர் வைத்தியர், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் அதிகரித்திருப்பதை வைத்தியசாலைத் தரவுகளால் காட்டினார். ஈராக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். முதலில் அதிகாரிகள் இருவரையும் மறுத்தார்கள். ஒக்டோபரில் பழைய நீர் மூலத்துக்கே நகரம் திரும்பியது. பின்னர் நடந்த வழக்குகளில் 60 கோடி டொலருக்கும் அதிகமான இழப்பீட்டுக்கு இணக்கம் காணப்பட்டது.

எப்பாவலையும் சுன்னாகமும்

இலங்கைக்கு வருவோம். நியூ ஓர்லியன்ஸ் நகரோடு எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்நகரைத் தலைமையகமாகக் கொண்டிருந்த ஃப்ரீபோர்ட் மக்மொரான் குழுமத்துடன்தான், அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொஸ்பேட் கனியத்தை அகழ்வதற்கான ஒப்பந்தத்தை 1990களில் எமது அரசாங்கம் தயாரித்தது. விவசாயிகள் உட்பட ஊரவர் ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். சுமார் 2,600 குடும்பங்கள் இடம்பெயர வேண்டிவரும் என்ற அச்சம் இருந்தது. இந்த அளவில் அகழ்ந்தால் கனியம் விரைவில் தீர்ந்துவிடும் என எச்சரித்த விஞ்ஞானிகளின் அறிக்கைகளை நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது. அவை தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய விஞ்ஞானக் கழகம் என்பவற்றின் அறிக்கைகள். 2000 ஜூன் மாதம் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இன்றித் திட்டத்தை முன்னெடுக்கக் கூடாது என்றது. விஞ்ஞானிகளின் அறிக்கையும் விவசாயியின் மனுவும் ஒன்றுசேர்ந்ததால் கிடைத்த தீர்ப்பு அது.

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்த வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தண்ணீரில் ஆபத்து உண்டா இல்லையா என்பதில் நிபுணர் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. படித்தவர் சொல்வதெல்லாம் மக்கள் பக்கம் நிற்கும் என்பதில்லை. எந்த அறிக்கை எப்படித் தயாரிக்கப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவர் ஊருக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஒலுவிலும் புத்தளமும்

எமது ஊர்களைப் பார்ப்போம். டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் கதை கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். எமது கிழக்குக் கரையோரத்தில் மணல் பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீண்ட அலைதடுப்பு அணை அந்த மணலைத் தடுத்தது. தெற்கில் மணல் சேர்ந்தது, துறைமுக வாயும் அடைபட்டது. வடக்குக் கரை மணல் கிடைக்காமல் அரிக்கப்பட்டது. தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின, மீனவர் தோணி இழுத்துவைக்க இடமின்றித் தவித்தார்கள்.

அதே ஒலுவிலில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் இந்தக் கடலரிப்புப் பற்றி ஆய்வு செய்து எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரை மாநாட்டுத் தொகுப்பில் இருப்பது வேறு, காணியை இழந்தவரின் கையில் மனுவோடு இணைக்கக்கூடிய ஆவணமாக இருப்பது வேறு. இடையில் ஒரு சட்டத்தரணியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் தேவை.

புத்தளத்தின் நிலை இன்னும் பாரதூரமானது. சீமெந்துத் தொழிற்சாலை, நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையம் என்பவற்றை ஏற்கனவே சுமக்கும் மாவட்டம் அது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருமளவில் தஞ்சமடைந்ததும் அங்கேதான். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின், கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வேகமெடுத்தது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மீதொட்டமுல்லயில் இறந்தவர்களும் ஏழைகளே. ஓர் ஏழை ஊரின் சுமையை இன்னோர் ஏழை ஊருக்கு மாற்றுவது தீர்வாகாது என்பதை மக்கள் உணர்ந்திருந்தார்கள். அதை எண்களாலும் சட்டத்தாலும் சொல்ல அவர்களுக்கு நிரந்தரமான துணை இருக்கவில்லை.

என்ன செய்யலாம்?

நான் ஆசிரியன், சட்டத்தரணியல்ல. ஆனாலும் மேலுள்ள அனுபவங்களிலிருந்து சில விடயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, எமது நாட்டில் சட்ட மாணவர் நீதிமன்றில் பிறருக்காக ஆஜராக முடியாது. ஆனால் அனுமதிப்பத்திரத்தைப் படிப்பது, சாட்சியங்களை ஒழுங்குபடுத்துவது, மனு வரைவுக்கு உதவுவது என்பவற்றுக்குத் தடையில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டம் கற்பிக்கப்படுகிறது. விஞ்ஞானமும் புவியியலும் கற்பிக்கும் துறைகள் கிழக்கிலும் உள்ளன. இவ்விரண்டையும் ஒரே ஊரின் பிரச்சினையில் இணைப்பதே தேவை.

இரண்டாவது, காலம். அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு மக்கள் கருத்துச் சொல்வதற்கும் குறிப்பிட்ட நாட்களே உண்டு. பிரச்சினை வந்த பிறகு உதவி தேடினால் அந்த நாட்கள் ஓடிவிடும். பல்கலைக்கழகத்துடனான தொடர்பு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தப் பிரஜையும் காரணம் கூறாமலே அனுமதிப்பத்திரம், பரிசோதனை அறிக்கை என்பவற்றைத் தமிழில் எழுதிக் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்காமல் ஊர் இன்றே செய்யக்கூடியது இது.

நான்காவது, பதிவு. எந்தத் திகதியில் தண்ணீர் நிறம் மாறியது, எந்த வருடம் கடல் எந்த மரம்வரை வந்தது, எத்தனை பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். திகதியுடன் படமெடுக்க வேண்டும். பிளின்டில் மாதிரி எடுத்தவர்கள் சாதாரண மக்களே. இதை மீனவர் சங்கம் செய்யலாம், பள்ளிவாசல் நிர்வாகம் செய்யலாம், உயர்தர மாணவர்களும் செய்யலாம்.

கடைசியாக, பல்கலைக்கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். எமது ஊர்களுக்கு வினாக்கொத்தோடு வந்து, தகவல் சேகரித்து, பட்டம் பெற்று, திரும்பி வராதவர்கள் பலர். கண்டுபிடித்ததை எமக்கு விளங்கும் மொழியில் எமக்கே திருப்பித் தாருங்கள். ஆய்வின் முடிவு எமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியை ஆராய்வது என்று தீர்மானிக்கும்போது எம்மையும் கூப்பிடுங்கள்.

ஒலுவிலில் பல்கலைக்கழகத்துக்கும் அரிக்கப்பட்ட கரைக்கும் இடையில் பெரிய தூரமில்லை, நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்தை யார் முதலில் நடப்பது என்பதுதான் இனி எஞ்சியிருக்கும் கேள்வி. விரிவுரையாளர் இறங்கி வரட்டும், மீனவரும் வாயிலில் போய் நிற்கட்டும்.